வெறும் பேச்சில் என்ன சிகிச்சை இருக்கிறது? அதை ஒரு நல்ல நண்பரிடமே பேசிவிடலாமே?

முதல் நாள் நான் அதிகம் சொன்ன வார்த்தை 'ஸ்ட்ரெஸ்'. ஆபீஸில் ஸ்ட்ரெஸ், வீட்டில் ஸ்ட்ரெஸ், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே ஸ்ட்ரெஸ். எதிரே இருந்த உளவியல் ஆலோசகர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சுவிட நிறுத்தியபோது, "அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு இதையே திரும்பச் சொல்ல முடியுமா?" என்றார். 'டென்ஷன்' என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, 'ஒரு மாதிரி இருக்கு' என்றேன். அதற்கு மேல் என்னிடம் சொல் இல்லை.

உங்கள் கேள்வி எனக்கும் இருந்தது. மணிக்கணக்கில் பேச எனக்கு ஒரு தோழி இருந்தாள், இன்னும் இருக்கிறாள். அப்புறம் எதற்கு முன்பின் தெரியாத ஒருவரிடம் காசு கொடுத்துப் பேச வேண்டும்? நான் உளவியல் படித்தவள் இல்லை. 14 மாதங்கள், வாரம் ஒருமுறை, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். அதன்பிறகு இதைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தவள். அந்த அளவில் இந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 'ஒரு மாதிரி' சில வாரங்களில் 'எரிச்சல்' ஆனது. பிறகு 'பயம் மாதிரி ஏதோ'. ஒன்பதாவது செஷனில், வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தபோது, 'பொறாமை' என்று என் வாயிலிருந்து வந்தது. என் தம்பி மேல். நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அவனுக்காக விட்டுக்கொடுத்தது எதையும் நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆலோசகர் "அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது" என்று சொல்லவில்லை. "எல்லா வீட்டிலும் இருப்பதுதானே" என்றும் சொல்லவில்லை. "எப்போதிலிருந்து?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் சொல்லி முடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

இதைத் தோழியிடம் ஏன் சொல்ல வரவில்லை? அவளுக்கு என் தம்பியைத் தெரியும், அவன் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவள். நான் வேதனைப்படுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சீக்கிரம் அதை முடித்துவைக்கப் பார்ப்பாள். ஸ்ட்ரெஸ் என்றால், "அந்த வேலையை விட்டுத் தொலையேன்" என்பாள். நானும் அவளுக்குத் தோதான கதையாகப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறேன் என்பது பின்னால்தான் புரிந்தது. இரண்டு வருடம் அதே மேலாளர் கதையை அதே வார்த்தைகளில் பேசினோம். 2002இல் அமண்டா ரோஸ் என்ற உளவியலாளர் வளரும் பிள்ளைகளின் நட்பை ஆராய்ந்து ஒன்று சொன்னார்: ஒரே பிரச்சினையை நண்பர்கள் திரும்பத் திரும்ப அலசும்போது நெருக்கம் கூடுகிறது, கூடவே மனச்சோர்வின் அறிகுறிகளும் கூடுகின்றன. நாங்கள் வயதில் பெரியவர்கள், ஆனால் படித்தபோது எங்கள் இருவரைப் பற்றியே எழுதியது போலிருந்தது. நட்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அவள் இல்லாவிட்டால் நான் அந்த ஆலோசகர் வாசல் வரைகூடப் போயிருக்க மாட்டேன்.

மனத்தில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்றுதான் நாம் எல்லோரும் நம்புகிறோம். இந்தச் சிகிச்சையின் ஆரம்பக் கதையிலேயே அந்த நம்பிக்கை இருக்கிறது. 1880 முதல் 1882 வரை வியன்னாவில் ஜோசப் பிராயர் என்ற மருத்துவர் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற இளம்பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். நோயின் ஒரு கட்டத்தில் அந்தப் பெண்ணுக்குத் தாய்மொழியான ஜெர்மன் வரவில்லை, ஆங்கிலம் மட்டும் வந்தது. பேசப் பேச அறிகுறிகள் தணிவதைப் பார்த்து, அதற்குப் 'பேச்சு சிகிச்சை' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் மருத்துவர் இல்லை, அந்தப் பெண்தான். 'புகைபோக்கியைச் சுத்தம் செய்வது' என்று இன்னொரு பெயரும் வைத்தார். 1895இல் பிராயரும், பின்னால் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்டும் சேர்ந்து வெளியிட்ட நூலில் 'அன்னா ஓ.' என்று வருபவர் இவரே. நூலில் படிப்பது போல அவர் அப்போதே முழுக்கக் குணமாகிவிடவில்லை. அதற்குப் பின்னும் மருத்துவமனைகளில் தங்கிச் சிகிச்சை பெற்றுத்தான் மீண்டார்; மீண்டு பெண்களுக்காக உழைத்து, 1904இல் ஜெர்மனியில் யூதப் பெண்களின் அமைப்பையே தொடங்கினார்.

அந்தப் புகைபோக்கி உவமை நம்மைக் கொஞ்சம் தப்பாக வழிநடத்திவிட்டது என்று நினைக்கிறேன். பேச்சு என்றால் உள்ளே இருக்கும் கரியை வெளியே தள்ளுவது என்று ஆகிவிட்டது. விபத்து போன்ற அதிர்ச்சிக்கு ஆளானவர்களை உடனே உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அது பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று ஆய்வுகள் காட்டிய பிறகு, அதைச் செய்ய வேண்டாம் என்றுதான் இப்போது பரிந்துரைக்கிறார்கள். கொட்டுவது மட்டுமே மருந்தாக இருந்தால் அது பலித்திருக்க வேண்டுமே.

அப்படியானால் எது வேலை செய்கிறது? என் அனுபவத்தில், சரியான சொல்லைத் தேடுவது. நாம் தேடும்போது, அவசரப்பட்டு ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்காமல் எதிரே ஒருவர் காத்திருப்பது. 1940களிலேயே சிகிச்சைப் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தவர் கார்ல் ராஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். அவருடன் சிகாகோவில் பணிசெய்த யூஜின் ஜெண்ட்லின் அப்படிப்பட்ட பதிவுகளைக் கேட்டு, யாருக்குச் சிகிச்சை பலிக்கிறது என்பதை முதல் ஓரிரு அமர்வுகளின் பேச்சிலேயே கண்டுகொள்ளலாம் என்றார். சரளமாகப் பேசியவர்கள் இல்லை. நடுவில் நின்று, "இல்லை, அது இல்லை... எப்படிச் சொல்வது..." என்று உள்ளே தடவிப் பார்த்துப் பேசியவர்கள். 2007இல் மேத்யூ லீபர்மன் என்ற உளவியலாளரின் குழுவினர் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததும் இதோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது: கோபமும் பயமும் காட்டும் முகங்களைப் பார்ப்பவர்கள் அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, பயம் போன்ற உணர்ச்சிகளில் பங்குள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் பரபரப்பு குறைந்தது.

எங்கள் அமர்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, இலக்கணம் மாதிரியான சின்ன விஷயங்கள். "யாருமே என்னைக் கேட்டதில்லை", "எப்பவுமே நான்தான்" என்று நான் சொல்வேன். அவர் அந்த 'மே'வில் நிறுத்துவார். "யாருமேவா?" ஒருவர் கேட்டிருக்கிறார், என் சித்தி. அந்த ஓர் எழுத்தை எடுத்தால் வாக்கியம் மாறுகிறது, அதன் பாரமும் மாறுகிறது. 1960களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் சொன்ன, நாம் கவனிக்காமலே மனத்தில் ஓடும் 'தானாக எழும் எண்ணங்கள்' இப்படித்தான் நம் பேச்சில் ஒளிந்திருக்கும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர் பிடித்துக்கொண்டது 'செய்தே ஆக வேண்டும்' என்கிற 'வேண்டும்'களை. என்னிடம் அவையும் நிறைய இருந்தன.

இன்னொன்று. "நான் ஒரு பொறாமைக்காரி" என்று அழுதேன். அவர் அதை "உங்களுக்குப் பொறாமை வருகிறது" என்று திருப்பிச் சொன்னார். மைக்கேல் ஒயிட், டேவிட் எப்ஸ்டன் இருவரும் உருவாக்கிய கதைவழிச் சிகிச்சையில், பிரச்சினையை ஆளிடமிருந்து பிரித்து வெளியே வைத்துப் பேசுவது ஒரு முக்கியமான முறை. தமிழில் அதற்குப் பாதி வழி ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது. கோபம் வருகிறது, பயம் பிடிக்கிறது, துக்கம் தொண்டையை அடைக்கிறது என்றுதானே சொல்கிறோம். வருவது என்றால் எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எப்போது போகிறது என்று கேட்கலாம். 'பொறாமைக்காரி'யிடம் கேட்க ஒன்றும் இல்லை.

மொழித் தேர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை. வலிக்கும் இடம் வந்தால் நான் ஆங்கிலத்துக்குத் தாவுவேன். 'ஜெலஸ்' என்று சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே கடந்திருப்பேன். 'பொறாமை' என்ற சொல் சுட்டது, ஏனென்றால் சின்ன வயதில் என்னைத் திட்டிய சொல் அது. பின்னால் கற்ற மொழியில் உணர்ச்சியின் சூடு குறையும் என்பது பலருக்கும் நேர்வதுதான். சிலருக்கு அந்தத் தூரமே உதவி. தாய்மொழியில் வாயே திறக்க முடியாத ஒரு கொடுமையை முதலில் வேறொரு மொழியில் சொல்லிவிட்டு, பிறகு மெல்ல இந்தப் பக்கம் வருவார்கள். ஆகவே நீங்கள் சண்டை போடும் மொழியும் வேலை பார்க்கும் மொழியும் இரண்டும் தெரிந்தவராகக் கிடைத்தால் விடாதீர்கள்.

'ஆலோசகர்' என்ற சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. ஆலோசனை சொல்வார் என்று எதிர்பார்த்துப் போகிறோம். நான் முதலில் பார்த்த ஒருவர் அப்படித்தான் நிறையச் சொன்னார், பாதி நேரம் அவரே பேசினார். மூன்று தடவைக்குப் பிறகு நிறுத்திவிட்டேன். அதோடு இந்தப் பக்கமே திரும்பாமல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நஷ்டம் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். ஒருவர் சரிப்படவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள்.

பேச்சு எல்லாவற்றுக்கும் போதாது. லிஃப்டில் ஏறப் பயம் என்றால் அதைப் பற்றிப் பேசுவதைவிட, படிப்படியாக ஏறிப் பழகுவதுதான் அங்கே சிகிச்சை. இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு போன்றவற்றுக்கு மனநல மருத்துவரும் மருந்தும் தேவை. செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதென்றால் அடுத்த வாரச் செஷனுக்குக் காத்திருக்காமல் இன்றே யாரிடமாவது அந்த வார்த்தையைச் சொல்லியே சொல்லுங்கள். ஒருவரிடம் அதைப் பற்றி நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, இது ஆராய்ந்து பார்த்த விஷயம்.

தம்பியிடம் இதைச் சொன்னேனா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று இப்போதைக்குத் தோன்றவும் இல்லை. முன்பெல்லாம் அவன் போன் வந்தால் மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன், 'பிஸி' என்று மெசேஜ் போடுவேன். இப்போது எடுக்கிறேன். போன வாரம் அவன் வீடு கட்டுவதைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். நடுவில் ஒருமுறை அது வந்தது. கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு போயிற்று. சமையலறை ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டான், சொன்னேன்.