ஏப்ரலில் பூட்டும் பீரோ – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை. பெரும்பாலும் தறிக்கார வீட்டுப் பிள்ளைகள். கொஞ்சம் பேர் வீட்டில் கொலுசு வேலை.

போன வருஷம் விடுமுறைக்கு முன்னால் 'கோடை வாசிப்புப் போட்டி' என்று அறிவித்தேன். இருபது புத்தகம் படிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கச் சுருக்கம் எழுத வேண்டும், முதல் மூன்று பேருக்குப் பரிசு. பள்ளிப் புத்தகங்களை வீட்டுக்குக் கொடுக்கத் தலைமையாசிரியர் சம்மதிக்கவில்லை. "ஸ்டாக் எடுக்க வேண்டும், தொலைந்தால் யார் பணம் கட்டுவது?" என்றார். அதனால் கிளை நூலகத்தில் எடுத்தோ கடையில் வாங்கியோ படிக்கச் சொன்னேன். ஜூனில் நோட்டு கொடுத்தவர்கள் நாலே பேர். அதிலும் இரண்டு நோட்டில் ஒரே சுருக்கம், ஒரே எழுத்துப் பிழைகள்!

பெற்றோரிடம் பேசினால், "அது போனை விட்டு எழுந்தால்தானே டீச்சர்" என்கிறார்கள். இந்த வருஷம் யாரிடமாவது கேட்டு முதல் பரிசாக ஒரு சைக்கிள் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். என்னென்ன புத்தகங்கள் படிக்கச் சொல்லலாம் என்று நீங்கள் ஒரு பட்டியல் தந்தால் உதவியாக இருக்கும். என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு பள்ளி நூலகர், சேலம்

அன்புள்ள டீச்சர்,

ஒரே பிழைகள் இருந்த அந்த இரண்டு நோட்டைப் பற்றிப் படித்ததும் சிரித்துவிட்டேன். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு மரியாதைதான். கையில் ஒரு வேலையைக் கொடுத்தோம், பங்கு போட்டு முடித்திருக்கிறார்கள். லீவில் வீட்டுப்பாடம் வந்தால் வேறென்ன செய்வார்கள்?

பட்டியல் தரப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு என்ன பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதோடு உங்களிடம் இல்லாத புத்தகங்களின் பெயரை நான் எழுதி என்ன ஆகப்போகிறது? உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்ட விஷயம்: புத்தகம் வீட்டுக்குப் போகவில்லை.

நாளைக்கு நூலகத்தில் ஏதாவது பத்துக் கதைப் புத்தகங்களை எடுத்துப் பின்னட்டையைத் திறந்து பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டில் நீல மசி முத்திரை ஜூலை, ஆகஸ்ட், நவம்பர் என்று இறங்கி வரும். பிப்ரவரியில் ஒன்று இருக்கலாம். அதற்கு அப்புறம் ஒரே தாவாக அடுத்த ஜூலை. பழைய புத்தகக் கடையில் பள்ளி முத்திரையோடு ஏதாவது கிடந்தால் நான் முதலில் பார்ப்பது அந்தச் சீட்டைத்தான். பள்ளிக்கூடம் எந்த ஊராக இருந்தாலும் இந்த இடைவெளி தப்பாது. டியூஷன் இல்லை, தேர்வு இல்லை, வெயிலில் வெளியே தலைகாட்ட முடியாது, மத்தியானம் முழுக்கச் சும்மா கிடக்கிறது. வருஷத்தில் அவர்களுக்கு நிஜமாகவே நேரம் இருக்கும் அந்தச் சில வாரங்கள் மட்டும் புத்தகம் எல்லாம் பீரோவுக்குள். சாவி தலைமையாசிரியர் மேசை டிராயரில்.

தலைமையாசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். இருப்புப் பதிவேட்டில் ஒரு எண்ணுக்கு எதிரே புத்தகம் இல்லையென்றால் கேள்வி அவரைத்தான் வந்து சேரும். ஆனால் அவரிடம் காட்ட ஒரு சங்கதி இருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017இல் வந்தது, 215ஆம் விதி. 20,000 நூல்கள் வரை உள்ள நூலகத்தை ஆண்டுக்கு ஒரு முறை முழுக்க எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்கிறது. ஏப்ரலில்தான் எண்ண வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: ஓர் ஆண்டில் 1,000 நூல்கள் புழங்கினால் 5 காணாமல் போவது நியாயமான இழப்பு, நாணயக் குறைவோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால்தான் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி, உங்கள் பள்ளியை நேராகக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் டெல்லியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர்களே புத்தகம் என்றால் கொஞ்சம் தொலையும் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நாற்பது ரூபாய்க் கதைப் புத்தகத்துக்கு நாம் ஏன் இப்படிப் பயப்பட வேண்டும்? மார்ச்சுக்குள் எண்ணி முடித்துவிடுங்கள். பரீட்சை முடிகிற நாளில் கொடுங்கள்.

நூலகவியல் அறிஞர், சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளை நீங்கள் பரீட்சைக்கே படித்திருப்பீர்கள். முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே. அதே 1931இல் மன்னார்குடியில் புத்தகங்களை மாட்டுவண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். மழை, சேறு, வண்டிக் குலுக்கல் எல்லாம் அன்றைக்கும் இருந்தது. நாம் அம்மாப்பேட்டையில் நாலு தெரு தள்ளி இருக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப யோசிக்கிறோம்.

எப்படிக் கொடுப்பது என்று கேட்பீர்கள். அகராதி, கலைக்களஞ்சியம், கெட்டி அட்டைப் புத்தகமெல்லாம் உள்ளேயே இருக்கட்டும். ஒல்லியான, விலை குறைந்த, படம் போட்ட புத்தகங்களைப் பிரித்தெடுங்கள். தெருவுக்கு ஒரு பிள்ளை பொறுப்பு. அவளிடம் ஒரு மஞ்சப்பையில் பதினைந்து புத்தகம், ஒரு நாற்பது பக்க நோட்டு. யார் எதை எடுத்தார்கள் என்று அவளே எழுதிக்கொள்வாள். இதற்கு வகுப்பில் முதல் மார்க் வாங்கும் பிள்ளையைத் தேடாதீர்கள். தெருவில் எல்லா வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைந்து வருகிற ஒருத்தி இருப்பாள் இல்லையா, அவள்தான் சரி.

இது நானாக யோசித்ததில்லை. ஏற்காட்டில் ஒண்டிக்கடையிலிருந்து உள்ளே போகும் ஒரு மலைக் கிராமத்தில் பார்த்தது. கீழே விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் லீவுக்கு ஊர் திரும்பும்போது ஆசிரியர் ஒருவர் கட்டைப்பையில் புத்தகம் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். நான் போனபோது ஒரு வீட்டு வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. கோழி வந்து கிளறாமல் காவல் இருக்க ஒரு பையன். ஒரு கையில் நீளக் குச்சி, மடியில் புத்தகம். கோழி வந்தால் தலையை நிமிர்த்தாமலே குச்சி மட்டும் ஆடும். என்னடா படிக்கிறாய் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டினான். புரட்டிய பக்கத்திலிருந்து இரண்டு மிளகு உருண்டு விழுந்தது. அந்தப் புத்தகம் திரும்பிப் போகும்போது அட்டை இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அந்த ஆசிரியர் அதற்குக் கவலைப்படுகிறவராகத் தெரியவில்லை.

அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. நம் பிள்ளைகளின் லீவில் சும்மா உட்கார்ந்து காத்திருக்க வேண்டிய வேலைகள் நிறைய. தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது, தொட்டிலில் தம்பி எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது, கடையில் அப்பா சாப்பிட்டு வரும் வரை கல்லாவில் இருப்பது, கோடை விழா சமயத்தில் ஏரிப் பக்கம் அம்மாவோடு பஜ்ஜிக் கடையில் நிற்பது. இந்த இடங்களுக்கு முந்நூறு பக்க நாவல் லாயக்கில்லை. பத்து நிமிஷத்தில் முடிகிற கதை வேண்டும். அடிக்கடி நிறுத்தினாலும் விட்ட இடத்தில் தொடர முடிய வேண்டும். நீங்கள் புத்தகம் பொறுக்கும்போது என்ன வயதுக்கு ஏற்றது என்பதோடு, எந்த வேலைக்கு நடுவில் படிப்பாள் என்றும் யோசித்துப் பாருங்கள்.

கொலுசு வேலை நடக்கும் வீட்டில் எல்லார் கையும் வேலையில் இருக்கும், காது மட்டும் சும்மா. ஒருத்தி சத்தமாக வாசித்தால் போதும், பாட்டி முதற்கொண்டு கேட்பார்கள். கைத்தறி வீட்டிலும் ஓரளவு நடக்கும். விசைத்தறி ஓடும் வீட்டில் நடக்காது. அங்கே கரண்ட் போனால்தான் வாசிப்பு. (பள்ளிப் பிள்ளைகளை வேலையில் உட்கார்த்துவது சரியா என்பது தனிப் பேச்சு. சரியில்லை. ஆனால் உங்கள் கடிதம் அதைப் பற்றியதில்லை.)

சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியில் மார்க் லெப்பர் என்ற உளவியலாளர் இரண்டு சகாக்களோடு செய்த ஒரு சோதனை 1973இல் வெளியானது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று ஒரு குழுவுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து, விருப்பம்போல் விளையாடும் நேரத்தில் கவனித்தபோது, முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. இதை வைத்துப் பின்னால் நிறைய விவாதம் நடந்தது, ஒரே சோதனையில் எல்லாம் முடிவாகிவிடாது. ஆனாலும் உங்கள் பள்ளியில் நடக்கப்போவதை என்னால் ஊகிக்க முடிகிறது. ஒருத்திக்கு சைக்கிள். மற்றவர்களுக்கு, படித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை என்ற நினைப்பு. அந்தக் காசு கிடைத்தால் கதைப் புத்தகமாக வாங்கி, ஜூனில் மஞ்சப்பையோடு வருகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று சொல்லாமல் கொடுத்துவிடுங்கள்.

சுருக்கமும் வேண்டாம். நாம் யாரும் சினிமா பார்த்துவிட்டு வந்து சுருக்கம் எழுதுவதில்லை. பார்க்காதவரிடம் போய், "நீ போய்ப் பாரு, இன்டர்வெல்லுக்கு அப்புறம்தான் விஷயமே" என்கிறோம். அதற்கு இடம் கொடுங்கள். பின்னட்டைக்குள் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டால், அடுத்துப் படிப்பவருக்கு எழுத விரும்புகிறவள் எழுதட்டும். பழைய கடையில் வாங்கிய ஒரு பேய்க் கதைப் புத்தகத்தில் பென்சிலால் இப்படி எழுதியிருந்தது: "இதுக்கு மேல ராத்திரி படிக்காதே. நான் சொன்னேன்னு சொல்லாதே." நானும் அந்த இடத்தில் மூடி வைத்துவிட்டு மறுநாள் காலையில்தான் படித்தேன். பேய்க் கதையா என்று முகம் சுளிக்காதீர்கள். காமிக்ஸ் கேட்டாலும் கொடுங்கள், படித்ததையே நாலு தரம் எடுத்தாலும் கொடுங்கள். பாதியில் பிடிக்கவில்லை என்று திருப்பித் தந்தால் ஏன் என்று விசாரணை வைக்காமல் வாங்கி வையுங்கள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் உங்களிடம் இருப்பார்கள். அவர்கள்தான் சிரமம். பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் 2023இல் தொடங்கியபோது, சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்தார்கள். பக்கத்து அரசுப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பதின்மூன்று வயதுப் பெண் மற்றவர்கள் முன்னால் 'நுழை' புத்தகத்தை எடுக்கமாட்டாள், மானம் போய்விடும். அவளிடம், "உன் தம்பிக்கு இதை வாசித்துக் காட்டுகிறாயா?" என்று கேளுங்கள். தம்பி இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் குழந்தை. குழந்தைக்கு வாசித்துக் காட்டுவதென்றால் தனக்குள் இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

போனைப் பற்றிப் பெற்றோரிடம் வாதாட வேண்டாம். வீட்டில் வேறு ஒன்றும் இல்லாதபோது பிள்ளை போனைத்தான் எடுக்கும், நாமும் அப்படித்தான். அவர்களிடம் வேறொன்று சொல்லுங்கள். 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி, வீட்டுவரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். கிளை நூலகம் அவர்கள் காசில் நடப்பது. உறுப்பினர் படிவத்தை நீங்களே வாங்கி வந்து, ஏப்ரலிலேயே ஒரு வகுப்பை மொத்தமாக நடத்திக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடலாம். வெள்ளிக்கிழமை போய்விடாதீர்கள், கிளை நூலகங்களுக்கு அன்றைக்கு லீவு. முதல் தடவை போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புகிற பிள்ளையை இரண்டாம் தடவை கூட்டிப் போவது கஷ்டம்.

தலைமையாசிரியர் அப்படியும் தயங்கினால், முதல் வருஷம் மூன்று தெருவுக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள். ஜூனில் பை திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள். எந்தப் புத்தகம் ரொம்பக் கிழிந்து வந்தது, எது வரவே இல்லை என்று எழுதினால் போதும். அந்தப் புத்தகங்களில் இரண்டிரண்டு பிரதி நான் வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்.