கடற்கரைக் கட்டைக்கு அடியில் வாலில்லாத தேளா?

கேள்வி: கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு மரக்கட்டையைப் புரட்டியபோது, தேளைப் போல இரண்டு இடுக்கிகளுடன், ஆனால் வாலே இல்லாமல், அரை சென்டிமீட்டர் அளவில் ஓர் உயிரி ஒட்டிக்கிடந்தது. அது தேள் குஞ்சா? எடுத்துவந்து வளர்க்கலாமா?

பதில்: தேள் குஞ்சு பிறக்கும்போதே வாலும் கொடுக்கும் அதற்கு இருக்கும் என்பதால், நீங்கள் கண்டது தேள் அல்ல, போலித்தேள் (தேளைப் போல இடுக்கிகள் இருந்தும் வாலும் கொடுக்கும் இல்லாத எட்டுக்கால் சிற்றுயிரி). கிடந்த இடத்தைப் பார்த்தால், கடற்கரையையே வாழிடமாகக் கொண்ட காரிபஸ் என்னும் பேரினமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. கைலென்ஸ் வைத்துப் பாருங்கள்: தலைப்பகுதியின் மேலோடு முன்நோக்கிக் குறுகி ஏறத்தாழ முக்கோணமாகவும், பக்கத்துக்கு இரண்டாக உள்ள நான்கு கண்கள் முன்விளிம்பை விட்டுச் சற்றுப் பின்தள்ளியும் இருந்தால் ஊகம் வலுப்படும்.

இவை வாழ்வது மிகக் குறுகிய ஒரு பட்டையில்தான். ஓதம் உயரும்போது நீர் எட்டும் எல்லைக்குச் சற்று மேலே, கற்கள், ஒதுங்கிய கட்டைகள், காய்ந்த கடற்பாசிக் குவியல்கள் ஆகியவற்றின் அடியில், உப்பும் ஈரமும் கலந்த இருட்டில் இவை ஒடுங்கிக்கொண்டு, அங்கு மொய்க்கும் சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்கின்றன. (ஐரோப்பியக் கரைகளில் உள்ள நியோபிசியம் மாரிட்டிமம் என்னும் போலித்தேள் இன்னும் கீழே இறங்கி, ஓதநீர் மூடும் பாறை வெடிப்புகளிலேயே குடியிருக்கிறது, அது வேறு பேரினம்.) போலித்தேள்களிலேயே மிகப் பெரியதான காரிபஸ் டைட்டானியஸ், சுமார் 12 மில்லிமீட்டர் நீளமுடையது, இந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். தென் அட்லாண்டிக்கில் அசென்ஷன் தீவை ஒட்டிய போட்ஸ்வெய்ன் பேர்ட் என்னும் பாறைத் தீவிலிருந்து கிடைத்த அதை விலங்கியலாளர் மேக்ஸ் பையர் 1961இல் விவரித்துப் பெயரிட்டார்.

நஞ்சைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. அது இடுக்கியின் விரல்களில் இருக்கிறது. இரையை அடக்கப் போதுமான அந்த அளவு மனிதரை ஒன்றும் செய்யாது. தொட்டால் இடுக்கிகளை மடக்கிக்கொண்டு விறுவிறுவெனப் பின்னோக்கி ஓடும், அவ்வளவே.

வளர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தோலுரிக்கும் காலத்தில் இவை இழையால் சிறு கூடு பின்னி அதற்குள் அடைந்துகொள்கின்றன. பெண் முட்டைப்பையை வயிற்றின் அடியிலேயே சுமந்து திரிகிறது. மேலே சொன்ன உப்பீரத்தை ஒரு டப்பாவுக்குள் குலையாமல் வைத்திருப்பது எளிதல்ல. அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, கட்டையை முன்பு கிடந்த பக்கமாகவே, உயிரி நசுங்காதபடி மெதுவாகத் திருப்பி வைத்துவிடுங்கள்.