‘காசு போட்டாச்சு’ என்று சிலிப் வந்தால் சாமானை ஏற்றலாமா?

கேள்வி: கொழும்பு பழைய சோனகத் தெருவில் சிறிய ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். குருநாகலில் கட்டட வேலை எடுத்துச் செய்வதாகச் சொன்ன ஒருவர் இரண்டு நாளாகத் தொலைபேசியில் விலை பேசினார். வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம், 186,000 ரூபாய் அனுப்பியதாக ஒரு சிலிப்பைக் கடை வாட்ஸ்அப்புக்குப் போட்டு, லொறியையும் அனுப்பிவிட்டார். கடைப் பொடியன் சிலிப்பைப் பார்த்து வயர் சுருள்களை ஏற்றிவிட்டான். காசு வரவேயில்லை. இனி இப்படி நடக்காமல் என்ன செய்வது? போனது திரும்பி வருமா?

பதில்: முதலில் பொடியனை ஏசுவதை நிறுத்துங்கள். கணக்கைப் பார்க்க அவனுக்கு வழியே இல்லை. கையில் இருந்தது அந்தச் சிலிப் ஒன்றுதான். வாசலில் லொறி ஹோர்ன் அடிக்கிறது, பின்னால் சுமை தூக்கும் நாட்டாமிமார் வண்டிலோடு கத்துகிறார்கள், முதலாளி போனை எடுக்கவில்லை. அந்த நேரத்தைப் பார்த்துத்தான் ஆள் லொறியை அனுப்பியிருக்கிறார். வயரைக் கேட்டதும் தற்செயல் அல்ல. செப்பு வயரை எங்கே கொண்டுபோனாலும் அன்றைக்கே காசாக்கலாம்.

சிலிப் என்பது அனுப்பியவரின் போனில் தெரிந்த ஒரு படம், அவ்வளவுதான். பழைய சிலிப்பில் தொகையையும் திகதியையும் மாற்ற ஐந்து நிமிடம் போதும். அதைவிட மோசம், சிலிப் உண்மையாகவே இருப்பது. பின்னொரு திகதிக்குக் குறித்து வைத்த பணப் பரிமாற்றத்துக்கும் வங்கிச் செயலி ஓர் இலக்கத்தோடு பக்கம் காட்டும். அதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, சாமான் கைக்கு வந்ததும் ரத்துச் செய்துவிடலாம். சிலர் உங்கள் கணக்கில் ஒரு செக்கைப் போட்டுவிட்டு வைப்புத் துண்டை அனுப்புவார்கள். செக் மாறுவதற்குக் குறைந்தது அடுத்த வேலை நாள் வரை பொறுக்க வேண்டும். அதுவரை கணக்கில் தெரியும் தொகை வேறு, எடுக்கக்கூடிய மீதி வேறு. நீங்கள் பார்க்க வேண்டியது எடுக்கக்கூடிய மீதியை.

‘வங்கியில் லேட், திங்கள் வந்துவிடும்’ என்ற கதையையும் இதே இடத்தில் முடித்துவிடலாம். வங்கிக்கு வங்கி உடனடியாகக் காசு போவது, வங்கிகளை இணைக்கும் லங்காபே நிறுவனம் நடத்தும் செஃப்ட்ஸ் (CEFTS) முறையில். 2015இல் வந்தது. சனி, ஞாயிறு, போயா என்று பார்க்காமல் வழக்கமாகச் சில வினாடிகளில் வரவாகிவிடும். ஸ்லிப்ஸ் (SLIPS) என்ற மற்ற முறையில் அனுப்பினால் (பெயர் வேறு குழப்புகிறது) தாமதமாவது உண்மை. சரி, சாமானும் தாமதமாகட்டும்.

இனிச் செய்ய வேண்டியது. கடைக்கு வரும் காசுக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறவுங்கள். வாடிக்கையாளருக்கு அந்த இலக்கத்தை மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு நாள் மாலையும் சேர்ந்ததைப் பிரதான கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஒரு சாதாரண பட்டன் போன் வாங்கிக் கல்லாவில் வைத்து, அந்தக் கணக்கின் வரவு அறிவிப்பு அதற்கு எஸ்எம்எஸ்ஸாக வரும்படி வங்கிக் கிளையில் கேட்டுச் செய்யுங்கள். காசு அனுப்பத் தேவையான ஓடிபி இலக்கம் உங்கள் போனுக்கே வரட்டும். இரண்டையும் பிரிக்க உங்கள் வங்கியில் முடியாவிட்டால், மீதியைப் பார்க்க மட்டும் உரிமையுள்ள பயனர் ஒருவரைச் சேர்க்கலாமா என்று கேளுங்கள். கல்லாப் போனின் இலக்கம் எந்த வாடிக்கையாளருக்கும் தெரியக் கூடாது. வங்கி அனுப்பியது போலவே பொய் எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இலக்கம் தெரியாவிட்டால் எதற்கு அனுப்புவது?

‘காசு கணக்கில் தெரிந்த பிறகே சாமான்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மாட்டுங்கள். உங்களை விட அது பொடியனுக்குத்தான் உதவும். ‘முடியாது’ என்று சொல்ல இருபது வயதுப் பையனுக்குச் சங்கடமாக இருக்கும். பலகையைக் காட்டுவது சுலபம். பழைய வாடிக்கையாளர் கோபிப்பார் என்று பயப்படாதீர்கள். அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கடன் என்றே கொப்பியில் எழுதிக் கொடுங்கள். சிலிப்பை நம்பிக் கொடுப்பதும் கடன்தான், கொப்பியில் ஏறாத கடன்.

உங்கள் பக்கத்துக் கடைகளுக்கு நடக்கக்கூடிய வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். ‘தவறுதலாக 50,000 கூடப் போட்டுவிட்டேன், இந்தக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள்’ என்று யாராவது கேட்டால், காசு உண்மையாகவே வந்திருந்தாலும் நீங்களே அனுப்பாதீர்கள். அது வேறொருவரிடம் திருடிய காசாக இருக்கலாம். வங்கிக்குச் சொல்லி, வந்த கணக்குக்கே திருப்பச் சொல்லுங்கள். போனால் ஸ்கேன் செய்து காசு கட்டும் லங்கா கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் காலையில் கடை திறந்ததும் உங்கள் போனால் ஒரு தடவை ஸ்கேன் செய்து, உங்கள் கடைப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போக ஒரு நொடி போதும். சீனாவிலிருந்து சாமான் எடுப்பவர்களுக்கு, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று இமெயில் வந்தால், அதில் உள்ள இலக்கத்தை விட்டுவிட்டு நீங்கள் ஏற்கனவே பேசிய இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

போன 186,000 விஷயம். உங்கள் கணக்கிலிருந்து காசு எதுவும் போகவில்லை, அதனால் வங்கி திருப்பித் தர ஒன்றும் இல்லை. இது ஏமாற்றிச் சாமான் எடுத்த குற்றம், பொலிஸில்தான் முறைப்பாடு செய்ய வேண்டும். சிலிப்பில் உள்ள வங்கிக்கும் ஒரு கடிதம் கொடுத்து, அந்தப் பரிமாற்ற இலக்கம் உண்மையானதா என்று கேளுங்கள். பதிலைப் பொலிஸுக்கு மட்டும்தான் தருவோம் என்று சொல்லக்கூடும், பரவாயில்லை. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், அந்த ஆளோடு சண்டைக்கும் போகாதீர்கள்.

துப்பு என்று பார்த்தால் லொறிதான் முக்கியம். பெரும்பாலும் அது கூலிக்குப் பிடித்த வண்டியாக இருக்கும், ஓட்டுநருக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் சுருள்களை எங்கே இறக்கினார், கூலியை யார் கொடுத்தார் என்று அவருக்குத் தெரியும். வண்டி இலக்கம் உங்கள் கமராவில் இல்லாவிட்டால் எதிர்க்கடையில் கேளுங்கள். இன்றே கேளுங்கள், பல கமராக்களில் சில நாளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.