பிபிம்பாப்: கோதுமை எங்கே ஒளிந்திருக்கிறது?

கேள்வி: மகளுக்குச் சீலியாக் நோய்; கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாது. பிபிம்பாப் என்ற கொரிய உணவு சோறும் காய்கறியும்தானே, தைரியமாகச் செய்து தரலாமா? (திருச்சி வாசகி)

சோற்றிலும் காயிலும் சிக்கல் இல்லை. மேலே போட்டுக் கிளறும் கோச்சுஜாங் என்ற மிளகாய் விழுதில்தான் இருக்கிறது. மிளகாய்த்தூள், பசையரிசி, புளித்த சோயா, உப்பு ஆகியவற்றோடு பார்லி மால்ட்டும் சேர்ப்பது கொரிய வழக்கம். கடையில் விற்பதில் பல சமயம் கோதுமையும் இருக்கும். கொரியாவில் ஒவ்வாமைப் பொருள்களைத் தனிக் கட்டத்தில் அச்சிட வேண்டும் என்ற விதிக்குள் கோதுமை வருகிறது, பார்லி வருவதில்லை. அதனால் அந்தச் சின்னக் கட்டத்தை மட்டும் நம்பாமல், சேர்மானப் பட்டியல் முழுவதையும் படியுங்கள். இந்தியாவில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அந்த வாசகம் உள்ளதையே வாங்குவது நல்லது.

சாதாரண சோயா சாஸிலும் கோதுமை உண்டு. தமாரி என்ற ஜப்பானிய சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேராதது. அதற்கும் லேபிளைப் பாருங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் கிம்ச்சி (கொரியர்களின் புளித்த காய்கறி ஊறுகாய்) வாங்கினால் மீன் சாஸ், உப்பிட்ட இறால் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஓட்டலில் கேட்டு வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அங்கே இந்த விழுதை மாட்டுக்கறிக் கொத்தோடு வதக்கி வைப்பதும் உண்டு.

கேள்வி: அந்த விழுதை வீட்டிலேயே செய்ய முடியுமா? (கோவை வாசகர்)

மாதக்கணக்கில் புளித்ததன் சுவை வராது, ஆனால் கிண்ணத்துக்குப் போதும். 2 பேருக்கு: காஷ்மீரி மிளகாய்த்தூள் 1½ டேபிள்ஸ்பூன், பொடித்த வெல்லம் 1 டேபிள்ஸ்பூன், தண்ணீர் 4 டேபிள்ஸ்பூன். இவற்றைச் சிறு தீயில் 2 நிமிடம் கொதிக்கவிட்டால் தூளின் பச்சை வாடை போய்விடும். இறக்கி ஆறியதும் மிசோ (ஜப்பானியரின் புளித்த சோயா விழுது) 1 டேபிள்ஸ்பூன், தமாரி 1 டீஸ்பூன், அரிசி வினிகர் 1 டீஸ்பூன் கலந்து 15 நிமிடம் ஊறவிடுங்கள். இட்லி மாவுப் பதம் வரும். மிசோ அரிசியும் சோயாவும் மட்டும் சேர்ந்ததாக இருக்கட்டும். பார்லி மிசோவும் மால்ட் வினிகரும் ஆகாது. குண்டூர் மிளகாய்த்தூள் போட்டால், நிறம் வருவதற்குள் காரம் எல்லை தாண்டிவிடும்.

கேள்வி: எல்லாக் காயையும் சேர்த்து வதக்கினேன். சோறு சொதசொதவென்று ஆகிவிட்டது. ஏன்? (சேலம் வாசகி)

சேர்த்து வதக்கியதால்தான். ஒவ்வொன்றும் நீர் விடும் நேரம் வேறு. கீரையை 30 வினாடி கொதிநீரில் போட்டு, குளிர்ந்த நீரில் அலசி, உருண்டையாகப் பிழியுங்கள். பிழிந்தது போதும் என்று தோன்றிய பிறகு இன்னொரு முறை பிழியுங்கள். சுரைக்காய் போன்ற ஜுகினியை மெல்லிசாக நறுக்கி, ¼ டீஸ்பூன் உப்பில் 10 நிமிடம் வைத்துப் பிழிந்து, பெரிய தீயில் 1 நிமிடம் வதக்கினால் போதும். பாசிப்பயறு முளையை 1 நிமிடம் வேகவைத்து வடியுங்கள். கேரட் 2 நிமிடம், காளான் அதன் நீர் வற்றும்வரை. முட்டைக்குப் பதில் 200 கிராம் டோஃபுவை (சோயா பனீர்) துணியில் சுற்றி, கனம் ஏற்றி 20 நிமிடம் வைத்த பிறகு பொரியுங்கள்.

அரிசி: பாஸ்மதி, புழுங்கல் இரண்டும் உதிர்ந்து போய் விழுதைப் பிடிக்காது. குட்டை அரிசி கிடைத்தால் 30 நிமிடம் ஊறவைத்து வடித்து, 1 கப்புக்கு 1¼ கப் தண்ணீரில் வேகவையுங்கள். கிடைக்காவிட்டால் பொன்னிப் பச்சரிசியைக் கொஞ்சம் குழைய விடலாம்.

எண்ணெய் பற்றி ஒன்று. கொரிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டுவது. நம் நல்லெண்ணெயில் அந்த வாசனை இருக்காது. 1 டீஸ்பூன் நல்லெண்ணெயோடு, வறுத்துப் பொடித்த வெள்ளை எள் 1 டேபிள்ஸ்பூன் தூவுங்கள்.

கேள்வி: கொரியர்கள் பிபிம்பாப் பரிமாறும் சூடான கல் கிண்ணம் இல்லாமல் சோற்றில் அடி முறுகல் வருமா? (மதுரை வாசகர்)

வரும். இரும்பு வாணலியில் எண்ணெய் தடவி, சோற்றை அழுத்திப் பரப்பி, மிதமான தீயில் 6 நிமிடம் கிளறாமல் விடுங்கள். படபடவென்ற சத்தம் குறைந்து வறுத்த வாசனை வந்ததும் காய்களை அடுக்குங்கள். வீட்டில் சீலியாக் நோயாளி இருந்தால், சப்பாத்தி சுடும் கல்லை இதற்கு எடுக்காதீர்கள்.

கேள்வி: பூண்டு சேர்ப்பதில்லை. பெருங்காயம் போடலாமா? (கும்பகோணம் வாசகி)

வேண்டாம். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கொரியப் புத்த மடங்களில் பூண்டு, வெங்காய வகைகள் இல்லாமலேதான் சமைக்கிறார்கள். நீங்களும் பூண்டை விட்டுவிட்டு எள்ளுப்பொடியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.