ஏஞ்சல் மீன் குஞ்சு நாலாம் நாள் சாவது: மஞ்சக்கருவை நிறுத்துங்க

ப்ரோ, முட்டை பொரிஞ்ச மறுநாளே அவிச்ச கோழிமுட்டை மஞ்சக்கரு போட்டேன், நாலாம் நாள் எல்லாம் செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கீங்க. படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. தாய் மீன் மேல தப்பில்ல, தண்ணி கெட்டிருக்கு.

பொரிஞ்ச குஞ்சு தலையில இருக்கிற பசையால முட்டையிட்ட இலையிலயே ஒட்டிக்கிட்டு வாலை மட்டும் ஆட்டும். வயித்துல உள்ள சொந்த மஞ்சக்கருதான் அதுக்குச் சாப்பாடு. அஞ்சாறு நாள் கழிச்சு இலையை விட்டு நீந்த ஆரம்பிச்ச பிறகுதான் தீனி. அதுக்கு முன்னாடி போடுற எல்லாம் அடியில அழுகி அம்மோனியாங்கிற விஷமா மாறும்.

நீந்தினதும் உயிருள்ள ஆர்ட்டீமியா கொடுங்க, உப்புத் தண்ணியில வாழுற குட்டி இறால் மாதிரி பூச்சி அது. சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகள்ல அதோட முட்டை கிடைக்கும். அதைப் பொரிக்க ஒரு லிட்டர் தண்ணி, 25 கிராம் கல் உப்பு, அடியிலிருந்து காத்து. நம்ம ஊர் சூட்டுக்கு ஒரு நாள்ல பொரிஞ்சிடும். முட்டை ஓடுகளை ஒதுக்கிட்டு, துணியில வடிகட்டி, நல்ல தண்ணியில அலசிப் போடுங்க. குஞ்சு வயிறு ஆரஞ்சுப் பொட்டு மாதிரி தெரியும். அதைப் பார்த்தா நிம்மதியா தூங்கலாம்.

பெரம்பூர்ல மெட்ரோ தண்ணின்னா குளோரின் இருக்கும். ஒரு நாள் பக்கெட்ல காத்து விட்டு வச்ச பிறகு மாத்துங்க, தினமும் கொஞ்சம். பவர் ஃபில்டர் குஞ்சை இழுத்துடும், ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும் போதும்.

அடுத்த முறை முட்டை எல்லாமே வெள்ளையாச்சுன்னா சொல்லுங்க. வெள்ளையானா கரு சேரலைன்னு அர்த்தம், உங்க ஜோடி ரெண்டும் பெண்ணா இருக்கலாம்.