யோம் கிப்பூர் நோன்பு இருந்தால் கணக்கு நேராகிவிடுமா?

ஆண்டெல்லாம் வியாபாரத்தில் ஏமாற்றிவிட்டு, யூதர்களின் பாவ மன்னிப்பு நாளான யோம் கிப்பூர் அன்று சுமார் 25 மணி நேரம் பட்டினி கிடந்தால் போதுமா, யூத மதத்தில் இப்படியொரு ஓட்டை இருக்கிறதா என்று கட்டுரைக்காகக் கேட்டிருக்கிறீர்கள்.

எப்போதோ அடைத்துவிட்டார்கள். பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், யோமா என்ற பகுதியின் 8:9 பாருங்கள். ‘பாவம் செய்வேன், யோம் கிப்பூர் போக்கிவிடும்’ என்று திட்டம் போடுகிறவனுக்கு அந்த நாள் பலிக்காது. அடுத்தவருக்குச் செய்த தீங்கோ, அவரைச் சமாதானப்படுத்தும்வரை அப்படியே நிற்கும். கடைக்காரர் ஏமாற்றிய காசைத் திருப்பிக் கொடுத்தாலும் மன்னிப்பும் கேட்டாக வேண்டும். ஏமாந்தவர் மசியவில்லையா? இடைக்கால யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் சொல்வது: அவருடைய நண்பர்கள் மூவரை அழைத்துப் போய்க் கேள், இன்னும் இரண்டு தடவை அப்படியே. அதற்குப் பிறகும் மறுத்தால் பாவம் மறுத்தவர் தலையில். (தீங்குக்கு ஆளானவர் தன் குரு என்றால் ஆயிரம் தடவையானாலும் கேட்க வேண்டும்!)

கட்டுரைக்கு இதைவிட நல்ல உதாரணம் மிஷ்னாவையும் அதன் விரிவுரையையும் கொண்ட தால்மூதில், பாவா மெட்சியா என்ற பகுதியின் 61ஆம் ஏட்டின் பின்பக்கம் இருக்கிறது. எடைக்கல்லை உப்பில் புதைத்து எடையை மாற்றுகிறவன், மதவிதி கேட்கும் கடல் நத்தைச் சாயத்துக்குப் பதில் மலிவான அவுரி நீலத்தை ஆடைக் குஞ்சத்தில் ஏற்றுகிறவன். பார்க்கிறவர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எகிப்தில் தலைச்சன் பிள்ளைகளைச் சாகடித்தபோது தலைச்சன் எது என்று பிரித்தறிந்த கடவுளுக்குத் தெரியும் என்கிறது அந்தப் பகுதி.

புளித்த மாவுப் பண்டங்களை வைத்திருக்கக் கூடாத பஸ்கா பண்டிகைக்கு முன் அவற்றை யூதரல்லாதவருக்கு விற்பதை இந்த ஏமாற்றுப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அது முறைப்படி செல்லும் விற்பனை.