கடற்பள்ளம், கைத்தடி, பாடுமீன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் ஏழை இந்தமுறை எடுத்திருக்கிறேன். பெயர்களை விட்டு ஊரை மட்டும் போடுகிறேன். முதற்கேள்வி பயத்தில் கேட்கப்பட்டது. ஆகவே அதற்கே முதலிடம்.

கேள்வி: சேர், இலங்கைக்குத் தெற்கே கடல் நூறு மீற்றருக்கு மேல் பள்ளமாகக் கிடக்குதாம், புவியீர்ப்பில் ஓட்டை விழுந்திருக்குதாம் என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுது. நாங்கள் சுனாமியில் நாவலடியில் வீடு வாசல் இழந்த குடும்பம். அதைக் கேட்ட நாளிலிருந்து அம்மாவுக்கு இரவில் நித்திரை இல்லை. உண்மையா? (கல்லடி)

பதில்: மகள், அம்மாவின் பக்கத்தில் இருந்து இதைச் சொல்லுங்கள். பள்ளம் உண்மை. ஓட்டை என்பது பொய். அதால் கடல் பொங்கும் என்பது அதைவிடப் பெரிய பொய். 2004 டிசெம்பர் 26இல் நம்மை அழித்தது, சுமாத்திராவுக்கு அருகே 9.1 அளவில் வந்த பூமியதிர்ச்சி. அது கடலின் அடித்தளத்தையே தூக்கிப் போட்டது. அதற்கும் இந்தப் பள்ளத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

பூமிக்குள் எல்லா இடமும் ஒரே கனமல்ல. கனம் குறைந்த பகுதிக்கு மேலே ஈர்ப்பும் ஒரு துளி குறையும். கடல்நீர் ஈர்ப்புக் கூடிய பக்கம் சற்றுக் குவியும், குறைந்த பக்கம் சற்றுத் தாழும். நமக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் அப்படித் தாழ்ந்த பரப்பு ஒன்று இருக்கிறது. பூமியைத் துருவங்களில் சற்றுத் தட்டையான சீரான உருண்டையாக எடுத்துக் கணக்கிட்டால் வரும் கடல்மட்டத்திலிருந்து அதன் நடுப்பகுதி ஏறத்தாழ 106 மீற்றர் கீழே. 1948இல் வெனிங் மெய்னெஸ் என்ற நெதர்லாந்து அறிஞர் கப்பலில் ஈர்ப்பை அளந்து இதைக் கண்டார். அன்றைக்கு வந்ததல்ல, அன்றைக்குத் தெரியவந்தது. பள்ளம் கோடிக்கணக்கான வருடப் பழசு.

“நூறு மீற்றர் பள்ளமென்றால் தண்ணீர் அங்கே ஓடாதா?” என்று அம்மா கேட்பா. நல்ல கேள்வி. வீடு கட்டும் மேசன் நீளமான பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் விட்டு இரண்டு மூலைக்கும் மட்டம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவருக்குத் தண்ணீர் நின்ற இடம்தான் மட்டம். அந்த மேசன் அந்தக் கடலின் நடுவில் போய் நின்றாலும் அவருடைய குழாய் “இது மட்டம்” என்றுதான் காட்டும். தூக்குக்குண்டும் நீர்ப்பரப்புக்கு நேர் செங்குத்தாகவே தொங்கும். ஏனென்றால் எது கீழ், எது மேல் என்று முடிவுசெய்வதே ஈர்ப்புத்தான். தண்ணீர் அந்த ஈர்ப்புக்கு ஏற்ற வடிவத்தில்தான் ஏற்கெனவே நிற்கிறது. அதுக்கு ஓடிப்போக வேறு இடம் இல்லை. அவ்வழியே போகும் கப்பல் இறங்குவதுமில்லை, ஏறுவதுமில்லை.

காரணத்தை பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவகத்தின் தேபஞ்சன் பால், அத்ரேயி கோஷ் இருவரும் 2023இல் முன்வைத்தார்கள். முற்காலத்து டெதிஸ் கடலின் தரைத்தட்டு பூமிக்குள் அமிழ்ந்துபோனது. அது ஆபிரிக்காவுக்கு அடியில் ஆழத்திலிருந்த சூடான, கனம் குறைந்த பாறையைக் கிளப்பிவிட்டது, அந்தப் பாறை இந்து சமுத்திரத்தின் அடிக்கு ஏறிவந்தது என்பது அவர்கள் கணிப்பு. 14 கோடி வருடத்துத் தட்டு நகர்வைக் கணினியில் ஓட்டிப் பார்த்துத்தான் அதைச் சொன்னார்கள்.

இன்னொன்று. அங்கே நிறை குறையுமாமே என்று வேறு சிலரும் கேட்டிருந்தார்கள். இரண்டு தட்டுத் தராசில் தெரியவே தெரியாது, ஏனென்றால் மீனோடு சேர்ந்து படிக்கல்லும் அதே அளவு இலேசாகும். சந்தையில் தொங்கும் வில் தராசில்தான் தெரிய வேண்டும். ஆனால் அந்த வித்தியாசம் முள் அசையும் அளவுக்கு இல்லை.

கேள்வி: நிழலே விழாத நாள் நம்மூரில் எப்போது? (பொத்துவில், தரம் 9 மாணவன்)

பதில்: வருடத்தில் இரண்டு நாள். மட்டக்களப்பு நகரம் ஏறக்குறைய வடக்கு 7.7 பாகையில் இருப்பதால் ஏப்ரல் 9 அல்லது 10இலும், மறுபடி செப்டெம்பர் 2 அல்லது 3இலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஏப்ரலில் சூரியன் வடக்கே நகர்வதால் பொத்துவிலில் உங்களுக்கு இரண்டு நாள் முந்தும். செப்டெம்பரில் திரும்பி வருவதால் உங்களுக்குப் பிந்தும். ஏப்ரலில் நண்பகல் 12 மணி 5 நிமிடத்தை ஒட்டிப் பாருங்கள். ஒரு மீற்றர் நீளக் கம்பியை தூக்குக்குண்டு பிடித்து நேராக நிறுத்துங்கள். உங்கள் கம்பிக்கு நிழல் இல்லாத அதே நேரத்தில் மட்டக்களப்பில் ஒரு நண்பனுடைய கம்பிக்கு ஒன்றரைச் சென்ரிமீற்றர் நிழல் விழும். அந்த ஒன்றரைச் சென்ரிமீற்றரையும் இரண்டு ஊருக்கும் இடையே வடக்குத் தெற்காக உள்ள தூரத்தையும் வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிடலாம். செய்துபார்த்து விடையை எனக்கு அனுப்புங்கள், தம்பி. சூரியனை மட்டும் நேரே பார்க்க வேண்டாம்.

கேள்வி: உம்மாவுக்கு 72 வயது. வலது முழங்கால் நோ. கைத்தடியையும் வலது கையில்தான் பிடிக்கிறா. அது சரியா? சுபஹுக்கு எழும்பும்போது தலை சுற்றுது என்றும் சொல்லுறா. (அக்கரைப்பற்று)

பதில்: இடது கைக்கு மாற்றச் சொல்லுங்கள், இன்றைக்கே. நோவுள்ள காலின் பக்கத்திலேயே தடி பிடிப்பதுதான் நம் ஊரில் நான் அதிகம் பார்க்கும் பிழை. என் தாயாரும் அப்படித்தான் இரண்டு வருடம் நடந்தா. மூன்று தலைமுறைக்கு நெம்புகோல் படிப்பித்த நான் வீட்டு முற்றத்தில் அதைக் கவனிக்கவில்லை என்பது இன்றும் மனதை அரிக்கிறது.

காரணம் இதுதான். நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கணம் ஒற்றைக்காலில் நிற்கிறோம். வலது காலில் நிற்கும்போது உடம்பின் பாரம் இடப்பக்கம் சரியப் பார்க்கும். அதைச் சரியவிடாமல் இடுப்பின் வலது வெளிப்புறத் தசை இழுத்துப் பிடிக்கிறது. காவுதடியில் ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் வைத்துத் தூக்கினால் குட்டைப்பக்கம் எவ்வளவு அழுத்த வேண்டும்? தசைக்குக் கிடைத்திருப்பது அந்தக் குட்டைப்பக்கம். ஆகவே அது உடம்பு நிறையின் இரண்டு மடங்களவு இழுக்கிறது. நிறையும் இழுவையும் சேர்ந்து மூட்டில் இறங்குகின்றன. தடி இடது கையில் இருந்தால் அது இடுப்பிலிருந்து தள்ளி, நீளப்பக்கத்தின் நுனியில் ஊன்றுகிறது. அங்கே சிறிதாக அழுத்தினாலே தசைக்குப் பெரிய பாரம் குறையும். முழங்காலுக்கும் ஆறுதல் கிடைக்கும். வலது கையில் பிடித்தால் உடம்பு அந்தப் பக்கமே சாய்ந்து நொண்டும்.

இடது கைத்தடியும் வலது காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். உம்மா செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடட்டும். தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்கு வர வேண்டும். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் நோக் காலும் முதலில். தடியின் அடியைத் திருப்பிப் பாருங்கள்: இறப்பர் மூடியில் வரிகள் தேய்ந்து வழுவழுப்பாகி இருந்தால் உடனே மாற்றுங்கள். வுளூச் செய்த ஈரத்தோடு சீமெந்துத் தரையில் அந்தத் தேய்ந்த இறப்பர் வழுக்கும்.

தலைசுற்றை அலட்சியம் செய்யாதீர்கள். படுத்திருந்து எழும்பும்போது இரத்தம் காலுக்கு இறங்கும். வயதானால் உடம்பு அதை மெதுவாகத்தான் ஈடுசெய்யும். படுக்கையில் ஒருமுறையும், எழும்பி நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் பிரஷர் அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் கிளினிக்கில் கட்டாயம் சொல்ல வேண்டும். பிரஷர் குளிசை, சலம் போகும் குளிசை காரணமாக இருக்கலாம். ஆனால் வைத்தியரைக் கேளாமல் எதையும் நிறுத்த வேண்டாம். அதுவரை கட்டில் விளிம்பில் இருந்து காலை ஆட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்து எழும்பட்டும். வயது ஏற ஏறத் தாகம் மங்கும். ஆகவே கேட்கும்வரை காத்திராமல் தண்ணீரைக் கையில் கொடுங்கள். தண்ணீரை அளவோடு குடிக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தால் அதன்படி நடவுங்கள்.

கேள்வி: குவாண்டம் கணினி வந்தால் வங்கிக் கணக்கெல்லாம் திறந்துவிடும் என்கிறார்கள். காசை எடுத்து வீட்டில் வைக்கவா? (காத்தான்குடி, புடைவை வியாபாரி)

பதில்: வேண்டாம் நானா. வங்கி உங்கள் போனுக்கு ஒரு திறந்த பூட்டை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் அதைப் பூட்டலாம். திறப்பு வங்கியிடம் மட்டும். 1976இல் டிஃபி, ஹெல்மன் இருவரும் வழிகாட்ட, 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் மூவரும் அப்படியொரு பூட்டைச் செய்தார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கத்தைக் கொண்டு அந்த இரண்டையும் கண்டுபிடிப்பது மகா கடினம் என்பதே அதன் பலம். இன்று வழக்கிலுள்ள அளவில் அந்த எண்ணுக்கு 617 இலக்கம். போதிய பலமுள்ள குவாண்டம் கணினி இருந்தால் அதை உடைக்கலாம் என்று 1994இல் பீற்றர் ஷோர் காட்டினார். அந்தப் பலமுள்ள கணினி இன்னும் இல்லை. அதற்கும் தாங்கும் புதிய பூட்டுகளுக்கான மூன்று நியமங்களை அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஆகஸ்டிலேயே வெளியிட்டுவிட்டது.

எனக்குக் கவலை வேறு. என் ஒன்றுவிட்ட தம்பி, அவரும் கடைக்காரர், ஒரு பெருநாள் கூட்டத்தில் துணி அளந்துகொண்டிருந்தார். வங்கியிலிருந்து பேசுவதாக ஒரு போன்: “உங்கள் கார்ட் இன்றோடு நிற்கும், இப்போது வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள்.” அளவுக்கோல் ஒரு கையில், போன் தோளுக்கும் காதுக்கும் இடையில். ஆறு இலக்கத்தையும் சத்தமாக வாசித்தார். அந்தத் துணியை மடித்து முடிக்கமுன் காசு போய்விட்டது. அங்கே எந்தப் பூட்டும் உடையவில்லை; திறப்பைக் கையில் கொடுத்தார். அந்த இலக்கத்தை வங்கி ஒருநாளும் போனில் கேட்காது. யார் கேட்டாலும் போனை வைத்துவிட்டு, உங்கள் கார்டின் பின்புறத்திலுள்ள எண்ணுக்கு நீங்களே எடுங்கள்.

கேள்வி: ஈர்ப்பலையும் கடலலையும் ஒன்றா? (வாழைச்சேனை, உயர்தர மாணவி)

பதில்: இல்லை. கடலலையில் அசைவது தண்ணீர்; எழும்பியதைக் கீழே இழுப்பது பூமியின் ஈர்ப்பு. ஈர்ப்பலையில் நீள்வதும் குறுகுவதும் அண்டவெளிதான். ஐன்ஸ்டைனின் கோட்பாட்டிலிருந்து 1916இல் பிறந்த கணிப்பு 2015 செப்டெம்பர் 14இல் கைக்கு வந்தது. சூரியனைப்போல் சுமார் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றாகின. மூன்று சூரிய நிறை முழுக்கச் சக்தியாகி அலையாய்ப் புறப்பட்டது. 130 கோடி ஒளியாண்டு கடந்து வந்து, அமெரிக்காவிலுள்ள லைகோ கருவியின் நாலு கிலோமீற்றர்க் கையை ஒரு புரோத்தனின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்களவு அசைத்தது. லூசியானாவில் பட்டு 7 மில்லிசெக்கன் கழித்து வாஷிங்ரன் மாநிலத்தில் பட்டது. இரண்டு இடத்திலும் ஒரே வடிவம் என்பதால்தான் நம்பினார்கள். ஒரே கருவி மட்டும் காட்டியிருந்தால் ஒரு லொறி போன அதிர்வா என்றுகூடச் சந்தேகம் வந்திருக்கும். உங்கள் பாடசாலை ஆய்வுகூடத்திலும் அளவீட்டை இரண்டாமுறை எடுக்கச் சொல்வது இதற்காகத்தான், மகள்.

கேள்வி: கல்லடிப் பாலத்தடியில் மீன் பாட்டுக் கேட்கத் துடுப்பைக் காதில் வைக்கச் சொல்கிறார்களே, ஏன்? (களுவாஞ்சிகுடி)

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மட்டக்களப்பு வாவிக்குள்ளிருந்து இரவில் எழும் பாட்டுப் போன்ற ஒலியைத்தான் மீன் பாட்டு என்கிறோம். தண்ணீருக்குள் எழும் ஒலி தண்ணீரின் மேற்பரப்பில் வந்து முட்டும்போது, அதன் சக்தியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குள் ஏறும். மிச்சமெல்லாம் திரும்பித் தண்ணீருக்குள்ளேயே போய்விடும். தண்ணீர் காற்றைவிட அவ்வளவு கனமும் இறுக்கமுமானது. மரம் அப்படியல்ல. ஒலியைக் கடத்துவதில் மரமும் தண்ணீரும் நெருங்கிய உறவு. துடுப்பின் அகலப் பக்கம் நீரில், காம்பு காதின் முன்னெலும்பில் என்றால் ஒலி மரத்திலிருந்து நேரே எலும்புக்குள் இறங்கும். நம் பழைய தோணிக்காரர்கள் எந்தச் சமன்பாடும் இல்லாமல் இதைக் கண்டு வைத்திருந்தார்கள்.

பாடுவது எது என்பதில் சண்டை பழசு. 1848இல் வந்து கேட்ட பிரித்தானிய அதிகாரி எமர்சன் ரெனென்ற் சிப்பி வகை என்று நினைத்தார். மீன் என்போர் பலர். கெளுத்தி இனங்கள் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து ஒலியெழுப்பும் என்பது தெரிந்த விடயம், ஆகவே நான் மீன் கட்சி.

பூரணை இரவில், காற்று ஓய்ந்தபின், வாகனச் சத்தம் குறைந்த நேரத்தில் தோணியில் போங்கள். தோணிக்காரரை இயந்திரத்தை முழுக்க நிறுத்தச் சொல்லுங்கள். மாணவர்களுக்கு ஒரு வழி: பழைய விளையாட்டுச் சாமானிலுள்ள பித்தளை வட்டமான ‘பஸர்’ தகட்டைக் கழற்றி, இரண்டு வயர் ஒட்டி, தண்ணீர் புகாதபடி பசையால் முழுக்க மூடி, பதிவுக் கருவியின் மைக் துவாரத்தோடு இணைத்து வாவிக்குள் இறக்குங்கள். அதுவே நீரொலி வாங்கி.

கேள்வி: அப்பப்பாவுக்கு இப்போது அந்தப் பாட்டும் கேட்கவில்லை, நாங்கள் பேசுவதும் விளங்கவில்லை. கத்தினால் கோபம் வருது. (மேலே கேட்டவரே)

பதில்: முதலில் காதுக் குறும்பி அடைத்திருக்கிறதா என்று வைத்தியசாலையில் காட்டுங்கள், வீட்டில் குச்சி விட வேண்டாம். வயதுச் செவிக்குறைவில் முதலில் போவது கீச்சு ஒலிகள். ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய எழுத்துகள் மங்கும், ‘ஆ’, ‘ஓ’ நிற்கும். அதால் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. கத்தினால் ஓசைதான் கூடும். முகத்துக்கு நேரே, வெளிச்சத்தில் இருந்து, ரீவியை நிறுத்திவிட்டு ஆறுதலாகப் பேசுங்கள். செவிக்கருவியைத் தள்ளிப்போட வேண்டாம்: மறதி நோய்க்கு ஆபத்துக் கூடிய முதியவர்களிடம் கருவியும் பயிற்சியும் மூன்று வருடத்தில் நினைவாற்றல் சரிவை ஏறக்குறையப் பாதியாக்கியதை 2023இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது.

அடுத்த பூரணைக்கு அவரையும் தோணியில் ஏற்றுங்கள். துடுப்பை முன்னெலும்பில் வைத்ததும் பாட்டுக் கேட்கிறது என்றால், உள்காது ஓரளவாவது இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.